ஆற்றில் செத்த மீனும் சாகாத பூனையும்

அத்தியாயம் 3

"பூனை செத்துதா?" என்று கேட்டாள் மேர்லின்.

சின்னத்தங்கம் அழுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். கண்டலாற்றில் மீன் செத்து மிதந்ததையும், அதற்காகப் புருஷன் கோணாமலையைப் பொலிஸ் கொண்டுபோனதையும், அன்றிலிருந்து ஊரில் ஒருத்தரும் தன் வீட்டுப் படலையைத் திறக்காததையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையில் பூனை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன பூனை, மிஸ்?"

மேர்லின் வாசலைக் காட்டினாள். தோணி ஒன்றின் நிழலில் சாம்பல் நிறப் பூனையொன்று வயிறு புடைக்கப் படுத்திருந்தது. அதன் காலடியில் மீன் தலை. பக்கத்தில் இன்னும் இரண்டு பூனைகள்.

"செத்தமாதிரித்தான் கிடக்கு," என்றான் மேர்லினை ஆட்டோவில் கூட்டிவந்த ஸியாம். "ஆனா எங்கட மாமாவும் புரியாணி திண்டாப் பிறகு இப்பிடித்தான் கிடப்பார்."

சின்னத்தங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "செத்த மீனத்தான் திண்டுதுகள். ஆரு அள்ளிப் புதைக்கிறது? காகமும் பூனையும் ரெண்டு நாளாத் திண்டுதுகள்."

"ஒண்டும் சாகல்லயே?"

"இல்ல."

"அப்ப ஆத்தில நஞ்சு இல்ல," என்று எழுந்தாள் மேர்லின். "மீனச் சாகடிச்சது வேற ஏதோ."

காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பல வருஷம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள் மேர்லின். தானே கொளுத்திவிட்டு எரிந்தது என்றவர்களையும், விற்றுவிட்டுத் தொலைந்தது என்றவர்களையும் கேட்டுக் கேட்டு, நல்லாயிருக்கிறீங்களா என்று ஒருவர் கேட்டாலே ஏன் கேட்கிறார் என்று யோசிக்கும் ஆளாகிவிட்டாள். இப்போது தன்னாமுனையில் சொந்தமாகத் துப்பறியும் வேலை. ஸியாம் ஏறாவூர்க்காரன். அவனுடைய ஆட்டோதான் அவளுடைய அலுவலகம், அவனுடைய வாய்தான் அதன் ஹோர்ன்.

"உங்கட புருஷன் பொலிஸில என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல, மிஸ். நான் போட்டன் எண்டும் சொல்லல்ல, போடல்ல எண்டும் சொல்லல்ல. என்னப் பாத்தா முகத்தத் திருப்புறார். நாளைக்குக் கோட்டுக்குக் கொண்டு போறாங்களாம்." அவள் மூக்கைத் துடைத்தாள். "பின்னேரம் மீனவர் சங்கத்தில கூட்டம் வச்சிருக்காங்க. கூட்டம் முடிய எல்லாரும் இவர் காவலிருந்த நெல்லு மில்லுக்குப் போறதாம். போய் என்ன செய்வாங்க எண்டு எனக்குத் தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்த கையின் விரல்களில் மெல்லிய கீறல்கள் இருந்தன. நூலால் அறுத்தது போன்ற கீறல்கள். மேர்லின் அதைப் பார்த்தாள்.

ஆட்டோவில் ஏறியதும் ஸியாம் கேட்டான். "எங்க மிஸ்? பூனைட வாக்குமூலம் எடுத்தாச்சு. அடுத்த சாட்சி நாயா?"

"உன்ட போனைத் தா."

கதை இவ்வளவுதான். கண்டலாறு சின்ன ஆறு. வட்டைகள் என்னும் வயல்வெளிகளின் வழியே வந்து, றஸீனாவின் நெல் ஆலைக்குப் பின்னால் வளைந்து, ஒரு பழைய பாலத்தின் கீழே போய், கடலோடு சேர்ந்த உப்பு வாவியில் விழுகிறது. ஆலைக்கும் பாலத்துக்கும் இடையில் உள்ள மீனெல்லாம் ஒரு விடியலில் செத்து மிதந்தது. ஆலையின் காவலாளி கோணாமலை அந்த நேரத்தில் கையில் ஒரு வெள்ளைக் கேனோடு ஆற்றுப் பக்கமிருந்து வந்ததை ஒருத்தர் கண்டார். மீனவர் சங்கத் தலைவர் வினாயகமூர்த்தி ஆட்களோடு போய்த் தேடியபோது, ஆலையின் கழிவுநீர்க் கானுக்குள் அந்தக் கேன் கிடந்தது. நெல்லுக்கு அடிக்கும் கிருமிநாசினிக் கேன். ஆலைத் தண்ணீரால் சங்கத்துக்கும் றஸீனாவுக்கும் முன்பே தகராறு. முதலாளி ஏவ, காவலாளி ஊற்றினான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கேனின் படத்தை வினாயகமூர்த்தியே முகநூலில் போட்டிருந்தார். அதன் கீழே மீனைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. றஸீனாவின் ஏறாவூரைப் பற்றியும் முஸ்லிம்களான சோனகரைப் பற்றியும் எழுதியவர்கள்தான் கூட.

மேர்லின் படத்தைப் பெருப்பித்தாள்.

"ஸியாம், இதில வெள்ளையா ஒட்டிக் கிடக்கிறது என்ன?"

"சுண்ணாம்பு?"

"வடிவாப் பார்."

அவன் மூக்கு திரையில் முட்டுமளவுக்குப் பார்த்தான். "சிப்பி. குட்டிச் சிப்பி. தோணிக்கு அடியில ஒட்டுமே, அது."

"உப்புத்தண்ணி இல்லாம அது ஒட்டுமா?"

"ஒட்டாது. வாவியிலதான்…" அவன் நிமிர்ந்தான். "மில்லுக் கானில உப்பில்லாத தண்ணி. அப்ப இந்தக் கேன் வாவியில கிடந்து வந்த கேன்."

"கழுத்தைப் பார். ஒரு துண்டுச் சீலை. கட்டி, பிறகு கத்தியால வெட்டியிருக்கு. மருந்து ஊத்துற கேனுக்கு ஆரும் சீலை கட்டுவாங்களா?"

"கலியாணத்துக்குப் போற கேனா இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அவன் ஆட்டோவை முடுக்கினான்.

நெல் ஆலையில் றஸீனா அவர்களை வாசலிலேயே மறித்தாள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் காலமான பின் தனியே ஆலையை நடத்துகிறவள். உள்ளே வேலை செய்யும் பெண்களில் முக்காடு போட்டவர்களும் இருந்தார்கள், பொட்டு வைத்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னையும் சந்தேகப்படுறீங்களா?" என்றாள் றஸீனா.

"ஓம்."

"நல்லது. மத்தாக்கள் சந்தேகப்படல்ல. முடிவே எடுத்துட்டாங்க. வாங்க, எல்லாத்தையும் பாருங்க."

மேர்லின் பார்த்தாள். நெல் அவிக்கும் பானைகள், ஊறப்போடும் தொட்டிகள், பின்னால் கழிவுத் தண்ணீர் தங்கித் தெளிவதற்கு ஆழமாகக் கட்டிய குழி. குழியின் மூலையில் சிலந்தி வலை இருந்தது.

"ராத்தா, இந்தக் குழிக்குள்ள தண்ணிய விட மறந்துட்டீங்களா? சிலந்தி குடும்பம் நடத்துது," என்றான் ஸியாம்.

றஸீனாவின் முகம் மாறியது. "பம்ப் பழுது. திருத்தக் குடுத்திருக்கு. தண்ணி நேர ஆத்துக்குத்தான் போகுது." உடனே குரலை உயர்த்தினாள். "ஆனா இதுக்கு முதலும் எத்தினையோ தரம் அப்பிடிப் போயிருக்கு. ஒரு மீன் சாகல்ல. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுறன்."

மேர்லின் கான் ஆற்றில் விழும் இடத்துக்கு நடந்தாள். தண்ணீர் கறுத்து, புளித்த கஞ்சி மணம் வீசியது. ஸியாமின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி ஆற்றில் போட்டாள்.

"மிஸ்! அது என்ட சாப்பாடு!"

"அது எந்தப் பக்கம் போகுது எண்டு பார்."

இருவரும் பார்த்தார்கள். பிஸ்கட் எந்தப் பக்கமும் போகவில்லை. போட்ட இடத்திலேயே ஊறி, கரைந்து, அடியில் போனது.

"ஆறு ஓடல்ல," என்றான் ஸியாம் மெதுவாக.

"ஓடுற ஆத்துல இந்தக் கஞ்சித்தண்ணி வாவிக்குப் போய்ச் சேர்ந்திரும். ஓடாத ஆத்துல?"

"இங்கயே கிடந்து புளிக்கும்."

"புளிச்சா, தண்ணிக்குள்ள மீனுக்கு மூச்சு எடுக்க ஒண்டும் மிஞ்சாது." மேர்லின் றஸீனாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க நஞ்சு போடல்ல. ஆனா உங்கட கையும் சுத்தமில்ல."

றஸீனா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்: "கோணாமலை அண்ணனுக்குச் சோறு குடுக்கிறாங்களா? அவருக்குச் சீனி வருத்தம் இருக்கு."

ஸியாம் ஆட்டோவை ஆற்றோரமாகப் பாலத்துக்கு விட்டான். பாலத்தில் ஏறி எட்டிப் பார்த்ததும் கத்தினான்.

"ஆத்துக்கு ஆர் பாய் விரிச்ச?"

பாலத்தின் ஆலைப் பக்கம் தண்ணீரே தெரியவில்லை. ஆகாயத்தாமரைச் செடியான ஆற்றுவாழை ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி, கரைக்குக் கரை பச்சையாக மூடியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு வழி திறந்திருந்தது. அந்த வழியால் ஒன்றிரண்டு செடிகள் தயங்கித் தயங்கி வாவிப் பக்கம் போயின. பாலத்தின் மறுபக்கம் வாவி வரைக்கும் வெறும் தண்ணீர்.

திறந்த இடத்தில் தண்ணீர் கலங்கி, ஒரு கறுத்த தலை மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டு உள்ளே போனது.

"விரால்! இவர் மட்டும் எப்பிடித் தப்பினார்?"

"விரால் மேல வந்து காத்துக் குடிக்கும். மத்த மீனுக்கு அது ஏலாது. நஞ்செண்டா விராலும் செத்திருக்கும். பூனை சொன்னதத்தான் இவரும் சொல்லுறார்."

ஸியாம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினான். செடிகளை விலக்கியவன் "ஆ!" என்று கையை உதறினான். தண்ணீருக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூலை அவன் இழுக்க இழுக்க, ஒற்றை நைலோன் இழையில் பின்னிய, தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை நீண்டு வந்தது. பாலத்தூணிலிருந்து மறுகரை மரம் வரைக்கும் கட்டிய வலை. மேல்விளிம்பில் மிதப்புக்காக வரிசையாக வெள்ளைக் கேன்கள். எல்லாம் வட்டைகளில் எறிந்துவிட்டுப் போகும் கிருமிநாசினிக் கேன்கள்; முன்பே வாவி வலைகளில் மிதந்து சிப்பி பிடித்தவை. எல்லாவற்றின் கழுத்திலும் பச்சை நைலோன் கயிறு. நடுவில் வலை கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் ஒரு கேன் இல்லை.

"மிஸ், ஒரு பல்லு விழுந்திருக்கு."

"விழுந்த பல்லத்தான் முகநூலில போட்டிருக்காங்க."

"அங்க என்ன தேடுறீங்க?"

பாலத்தின் மேலிருந்து குரல் வந்தது. வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு வினாயகமூர்த்தி நின்றார்.

"ஆத்தத் தேடுறம், ஐயா," என்றான் ஸியாம். "இஞ்ச இருந்ததெண்டு சொன்னாங்க."

வினாயகமூர்த்தி அவனைக் கணக்கெடுக்கவில்லை. "அது பழைய வலை. ஆரோ விட்டுட்டுப் போனது."

"கயிறு புதுசு," என்றாள் மேர்லின்.

"இருக்கும்."

"மில்லுக் கானில கேன எடுத்தது நீங்க. சிப்பியும் சீலைத் துண்டும் உங்கட கண்ணுக்குத் தெரியல்லயா? வாவியில பிறந்து வளந்த ஆளுக்கு மிதப்புக் கேனைத் தெரியாதா?"

அவர் வீதியை இரு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிஸ், நீங்க கெட்டிக்காரி. அதால ஒரு நல்ல வார்த்தை சொல்லுறன். இத இதோட விடுங்க. இந்த வலைக் கதை வெளிய வந்தா, முதல்ல அகப்படுறது நானில்ல. உங்களக் கூப்பிட்டவ."

மோட்டார்சைக்கிள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

ஸியாம் கையைச் சப்பிக்கொண்டே ஏறி வந்தான். தங்கூசி அறுத்து விரலில் மெல்லிய கோடாக இரத்தம். மேர்லின் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மிஸ்? மருந்து போடப் போறீங்களா?"

"இல்ல. இதே கீறல காலையில வேற ஒரு கையில கண்டன்."

சின்னத்தங்கம் அடுப்படியில் இருந்தாள். அடுப்பு எரியவில்லை. மேர்லின் அவளுக்கு முன்னால் குந்தி, போனை நீட்டினாள். திரையில் கேனின் கழுத்து மட்டும் தெரிந்தது. மெரூன் நிறத் துணி, ஓரத்தில் மஞ்சள் கரை.

"இது ஆர்ட சீலை?"

சின்னத்தங்கம் பார்த்தாள். பார்வை அதிலிருந்து எழும்பவேயில்லை.

"நீங்க இந்தப் படத்தப் பாக்கல்லயா?"

"என்னட்ட ஏது அப்பிடிப் போன், மிஸ்?" அவள் திரையில் விரலை வைத்தாள். "கேன் எண்டு சொன்னாங்க. மருந்துக் கேன் எண்டு சொன்னாங்க. இந்தக் கேன் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

"வலையக் கட்டினது நீங்களா?"

"தலைவர்தான் வலை கொண்டந்து தந்தார். மழைக்கு ஆத்துவாழ அள்ளுப்பட்டு வாவிக்கு வந்து எங்கட றால் வலையெல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுது. பாலத்தடியில மறிச்சாச் சரி எண்டார். எனக்குக் கை வேகம் எண்டு மிதப்புக் கட்ட என்னட்டத் தந்தார். நடுவுக்கு வரக் கயிறு காணாமப் போச்சு. என்ட பழைய சீலையக் கிழிச்சுக் கட்டினன்." அவள் மேர்லினைப் பார்த்தாள். "காலையில உங்களிட்ட நான் வலைய மறைச்சன். அது களவு வலை எண்டதால. மீன் செத்ததுக்கும் அதுக்கும் தொடுசல் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. எங்கட அம்மாமேல சத்தியமாத் தெரியாது."

"புருஷனுக்குத் தெரியுமா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சண்டை பிடிச்சவர். ஆத்த மறிச்சாத் தண்ணி அழுகும், அவிழ்த்து விடு எண்டு. நீங்க மில்லுக்காரிட ஆள், அதான் அப்பிடிக் கதைக்கிறீங்க எண்டு நான் ஏசினன். அண்டையில இருந்து ரெண்டு பேரும் முகம் குடுத்துக் கதைக்கல்ல."

மிச்சத்தை மேர்லின் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆலைக்குப் பின்னால் காவலிருந்தவன் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பதைக் கண்டிருக்கிறான். கத்தியோடு பாலத்துக்கு ஓடி வலையை அறுத்திருக்கிறான். பிந்திவிட்டது. நடுவிலிருந்த கேனில் மனைவியின் சீலையைக் கண்டதும், அதை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து தன் வேலை இடத்தில் ஒளித்திருக்கிறான். பொலிஸில் வாய் திறந்தால் வலையைச் சொல்ல வேண்டும். வலையைச் சொன்னால் அவளைச் சொல்ல வேண்டும்.

"என்னக் கண்டு முகத்தத் திருப்பினது கோவத்திலயெண்டு நினைச்சன்," என்றாள் சின்னத்தங்கம். "வாய் தவறிச் சொல்லிப்போடுவன் எண்ட பயத்தில இருந்திருக்கு, அந்தாள்."

ஸியாம் வெளியே போய் ஆட்டோவில் சாய்ந்து நின்றான்.

"நீங்கதான் என்னக் கூப்பிட்டது," என்றாள் மேர்லின். "புருஷன் குற்றவாளியில்ல எண்டு காட்டச் சொன்னீங்க. என்னால காட்ட ஏலும். ஆனா அதுக்கு உங்களக் காட்டோணும். வேண்டாமெண்டா நான் இப்பவே போறன்."

சின்னத்தங்கம் எழுந்தாள். குடத்துத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள்.

"கூட்டம் தொடங்கிருக்கும். கெதியாப் போவம்."

சங்கக் கட்டடத்தின் முற்றம் நிறைந்திருந்தது. சிலர் கையில் துடுப்பு, சிலர் கையில் பொல்லு. தகராறு வந்துவிடக்கூடாதென்று பொலிஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஒருத்தரும் இரண்டு கொன்ஸ்டபிள்களும் வேலியோரம் நின்றார்கள். வினாயகமூர்த்தி மேசைக்குப் பின்னால் நின்று ஒலிவாங்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். "எங்கட ஆத்துக்கு நஞ்சு வச்சவங்களிட்ட நாங்க நியாயம் கேக்கத்தான் வேணும்!"

சின்னத்தங்கம் கூட்டத்தின் நடுவால் நடந்தாள். ஆட்கள் விலகினார்கள். "கொலைகாரண்ட பொஞ்சாதி" என்று யாரோ சொன்னது கேட்டது. அவள் நிற்கவில்லை. மேசைக்கு முன்னால் வந்துதான் நின்றாள்.

"ஆத்தச் சாகடிச்சது நான்," என்றாள்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பாலத்தடியில தங்கூசி வலை கட்டி ஆத்த மறிச்சம். மிதப்புக் கட்டினது நான். நீங்க தூக்கிக் காட்டின கேன் என்ட வலைக் கேன். அதில இருக்கிறது என்ட சீலை. தண்ணி ஓட இடமில்லாம அழுகி மீன் செத்தது. என்ட புருஷன் வலைய அறுத்து மீனக் காப்பாத்தப் போன மனிசன்."

"அக்கா, நீங்க மனம் குழம்பிப் போய் நிக்கிறீங்க," என்றார் வினாயகமூர்த்தி அவசரமாக. "ஆராவது இவவ வீட்ட கொண்டு விடுங்க."

"நான் குழம்பல்ல. வலையத் தந்தது நீங்க. கயிறு காணாதெண்டு உங்களிட்டத்தானே நான் கேட்டன்? சீலையக் கிழிச்சுக் கட்டுங்கக்கா எண்டு சிரிச்சதும் நீங்கதானே?"

கூட்டத்தில் பலர் நிலத்தைப் பார்த்தார்கள். வலையை இழுத்துக் கட்ட உதவியவர்கள் அங்கேயே நின்றார்கள். துடுப்புகள் மெல்ல மெல்லத் தாழ்ந்தன. மேர்லின் சப்-இன்ஸ்பெக்டரிடம் போனைக் கொடுத்து, பாலத்தடியில் எடுத்த படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் படத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். மேசைக்குப் பின்னால் ஒருத்தரும் இல்லை.

பின்வாசலில் மோட்டார்சைக்கிள் உறுமுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"ஐயா, குறை நினைக்காதீங்க," என்று ஸியாமின் குரல் வந்தது. "என்ட ஆட்டோ உங்கட பைக்குக்கு முன்னால நிண்டுபோச்சு. என்ன செஞ்சாலும் ஸ்டார்ட் எடுக்குதில்ல. பொலிஸ் ஐயாமார் வந்து ஒருக்காத் தள்ளிவிட்டா நல்லம்."

அன்று பொழுதுபடக் கோணாமலையைப் பொலிஸ் நிலையத்திலிருந்து வெளியே விட்டார்கள். சின்னத்தங்கம் தடை செய்த வலை போட்ட குற்றத்துக்கு வாக்குமூலம் கொடுத்து, கோட்டுக்கு வருவதாகக் கையெழுத்தும் வைத்திருந்தாள். அவளோடு பொலிஸ் கொண்டுவந்த வினாயகமூர்த்தி இன்னும் உள்ளேதான் இருந்தார். றஸீனாவும் தானாக வந்து, தன் ஆலைத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வாசலில் காத்திருந்தாள். அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

கோணாமலை படியிறங்கி வந்தான். மெலிந்த, உயரமான மனிதன். சவரம் செய்யாத முகம். மனைவியைக் கண்டதும் நின்றான்.

"உன்ன ஆர் சொல்லச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல."

"நான் சமாளிச்சிருப்பன்."

"எப்பிடி? மறியலுக்குள்ள இருந்தா?"

அவன் தலையைச் சொறிந்தான். மேர்லினையும் ஸியாமையும் பார்த்துவிட்டு வேறெங்கோ பார்த்தான். "கொஞ்சம் முந்திப் போயிருந்தா மீனில பாதியாவது தப்பியிருக்கும்," என்றான் யாருக்கென்றில்லாமல்.

"என்னட்ட வந்து சொல்லியிருந்தா நானும் கத்தியோட வந்திருப்பன்."

"சண்டை பிடிச்சிட்டு, மறுகா வந்து என்னெண்டு சொல்லுற?"

சின்னத்தங்கம் அவனுடைய சேட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கீறிய விரல்கள் அவன் தோளில் ஒரு கணம் நின்றன.

"வீட்ட வாங்க," என்றாள். "அந்தச் சண்டை இன்னும் முடியல்ல."